வரைந்த ரூட்டில் ஏற்றமும் தரையும்: எப்படிச் சேர்ப்பது, எவ்வளவு நம்புவது?

நீங்கள் கேட்டதைச் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று ஒருமுறை என் வாயால் சொல்லிப் பார்க்கிறேன். கம்ப்யூட்டரில் மேப்பைத் திறந்து 62 கி.மீ. சைக்கிள் ரூட் ஒன்றை வரைந்திருக்கிறீர்கள். அதை ஜிபிஎக்ஸ் ஃபைலாக (ரூட்டைப் புள்ளிகளின் வரிசையாக எழுதி வைக்கும் ஃபைல் வகை) இறக்கி ஜிபிஎஸ் கருவியில் ஏற்றினால் வெறும் கோடுதான் வருகிறது, ஏற்ற இறக்கம் எதுவும் தெரியவில்லை. அதே ஃபைலை இரண்டு தளங்களில் போட்டுப் பார்த்தால் ஒன்று மொத்த ஏற்றம் 780 மீட்டர் என்கிறது, இன்னொன்று 1,130 என்கிறது. போன முறை "கிராவல்" என்று மேப் காட்டிய பாதையில் முஷ்டி அளவு கல்லாகக் கிடந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்திருக்கிறீர்கள். அதனால் இந்த முறை தரை எப்படி இருக்கும் என்பதும் கிளம்பும் முன்பே ஃபைலுக்குள் வந்துவிட வேண்டும். "இதையெல்லாம் எப்படிச் சேர்ப்பது?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். சேர்ப்பது பத்து நிமிட வேலை. சேர்த்த பிறகு அதில் எதை நம்பி வண்டியை எடுப்பது என்பதுதான் உண்மையில் உங்கள் கேள்வி என்று நினைக்கிறேன். பதில் நீளமாகப் போவதும் அதனால்தான்.

நான் நில அளவை படித்தவன். பிறகு பல வருடம் மேப் டேட்டாவோடுதான் பிழைப்பு. நடைப்பயணக் குழுக்களுக்கும் சைக்கிள் குழுக்களுக்கும் ரூட் போட்டுக் கொடுப்பது பக்கத் தொழில் மாதிரி ஆகிவிட்டது. பனி மூடிய மலைகளில் ரூட் போட்டதில்லை, அங்கே தரை என்ற சொல்லுக்கே வேறு பொருள். ஆகவே நான் சொல்வதை நடை, சைக்கிள், சாதாரணத் தரை என்ற எல்லைக்குள் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். உயரம் கணக்குப் போட்டு வருவது. தரை, யாரோ ஒருவர் கண்ணால் பார்த்துச் சொன்னது. உயரம் பூமியின் எந்த மூலைக்கும் கிடைத்துவிடும், ஆனால் கிட்டப் போய்ப் பார்த்தால் தப்பும். தரை, பார்த்தவர் இருந்த இடத்துக்கு மட்டும்தான் கிடைக்கும், அதுவும் அவர் பார்த்த நாளோடு சரி. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு "ரூட் விவரம்" என்று தளங்கள் காட்டுவதால் இரண்டுக்கும் ஒரே அளவு நம்பிக்கை வைத்துவிடுகிறோம்.

உயரத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். ஜிபிஎக்ஸ் ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள், பயப்பட ஒன்றும் இல்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு எண்கள் இருக்கும். அதற்குக் கீழே உயரத்துக்கென்று மூன்றாவதாக ஒரு சின்ன வரி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எலிவேஷன் என்பதன் முதல் மூன்று எழுத்துதான் அந்த வரியின் பெயர். சேர்த்துப் படித்தால் 'எலி'. எங்கள் குழுவில் "ஃபைலில் எலி இருக்கா?" என்றுதான் கேட்போம். ஓடிய பிறகு கருவி பதிவு செய்த ட்ராக்கில் எலி தானாகவே இருக்கும். கையால் வரைந்த ரூட்டில் நீங்களோ தளமோ கொண்டுவந்து விட்டால்தான் உண்டு. உங்கள் ஃபைலில் அது இல்லை, கருவி வெறும் கோட்டைக் காட்டியதற்குக் காரணம் அவ்வளவுதான்.

கொண்டுவந்து விடுவது எப்படி? பூமியின் மேல் ஒரு வலை விரித்து, வலையின் ஒவ்வொரு முடிச்சுக்கும் ஓர் உயரம் எழுதி வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதைத்தான் உயர மாதிரி என்கிறோம். முடிச்சுக்கு முடிச்சு சுமார் 30 மீட்டர். உங்கள் புள்ளி ஒரு கட்டத்துக்குள் விழும். சுற்றியுள்ள நான்கு முடிச்சுகளின் உயரத்திலிருந்து அதன் உயரத்தை மென்பொருள் ஊகிக்கும். மேல் இரண்டு மூலைகள் 412, 418. கீழ் இரண்டும் 405, 409. புள்ளி இடது வலதாகச் சரிபாதியில், மேலிருந்து கால் பங்கு கீழே இருக்கிறது. மேல் விளிம்பின் நடு 415, கீழ் விளிம்பின் நடு 407, வித்தியாசம் 8, அதில் கால் பங்கு 2. ஆக 413 மீட்டர். புள்ளிக்குப் புள்ளி இதே கணக்குத்தான், இதைத் தாண்டி அதில் மந்திரம் ஏதும் கிடையாது. அந்த 413 அளந்து வந்ததில்லை, நான்கு மூலையை வைத்து இட்டு நிரப்பியது என்பதை மட்டும் மறக்கக்கூடாது. நடுவில் ஒரு வாய்க்கால் ஓடினாலும் இந்தக் கணக்குக்குத் தெரியாது.

அந்த வலை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதன் குறைகளும் புரியும். இலவசமாகக் கிடைப்பவற்றில் நெடுங்காலம் எல்லோரும் நம்பியது 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் ரேடாரால் எடுத்தது. 60 மீட்டர் நீளக் கம்பத்தை வெளியே நீட்டி, அதன் நுனியில் ஒரு ஆன்டெனாவும் ஓடத்திலேயே இன்னொன்றுமாக, 11 நாள் பயணத்தில் வடக்கே 60 டிகிரி வரைக்கும் தெற்கே 56 டிகிரி வரைக்கும் உள்ள நிலத்தை அளந்துவிட்டார்கள். அந்தச் சாதனையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அது 2000-இன் பூமி. அதற்குப் பிறகு வெட்டிய மலைப்பாதை, தோண்டிய குவாரி, கொட்டிய கரை எதுவும் அதில் இல்லை. ரேடார் அடர்ந்த காட்டில் மண்ணைத் தொடாமல் மரத்தின் மேற்பகுதியிலேயே பெரும்பாலும் திரும்பிவிடும். ஊருக்குள் கூரையில் பட்டுத் திரும்பும். செங்குத்தான பள்ளத்தாக்குகளில் ஓட்டைகள் விழுந்து, பிறகு வேறு தரவு வைத்து அடைத்தார்கள். இன்னொரு விஷயம், அதில் உயரம் முழு மீட்டரில்தான் எழுதியிருக்கும். 20 மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 1 மீட்டர் எகிறினால் அது 5% ஏற்றமாகத் தெரியும், நிஜத்தில் தரை தட்டையாகவே இருந்தாலும். இப்போது டான்டெம்-எக்ஸ் சாட்டிலைட் ஜோடியிலிருந்து வந்த கோப்பர்நிக்கஸ் 30 மீட்டர் மாதிரி இலவசமாகக் கிடைக்கிறது. பெரும்பாலான இடங்களில் நான் அதைத்தான் எடுக்கிறேன், ஆனால் அதுவும் மரத்தையும் கூரையையும் சேர்த்தே அளந்தது. லேசர் வைத்து விமானத்திலிருந்து எடுத்த 1 மீட்டர் அளவிலான தரவு உங்கள் ரூட் போகும் பகுதிக்கு இருந்தால் மறுபேச்சில்லாமல் அதையே எடுங்கள். மரத்தைக் கழித்துவிட்டு மண்ணின் உயரத்தை மட்டும் தரக்கூடியது அது. எல்லாப் பகுதிக்கும் அது கிடைப்பதில்லை.

உயர மாதிரி கண்டிப்பாகத் தப்பும் இடங்கள் மூன்று. பாலம், சுரங்கப்பாதை, மலைச்சரிவில் குறுக்காகப் போகும் ரோடு. நான் போட்டுக்கொடுத்த ஒரு ரூட்டில் ஆழமான பள்ளத்தின் மேல் 240 மீட்டர் நீளப் பாலம் ஒன்று இருந்தது. மாதிரிக்குப் பாலம் தெரியாது, பள்ளம்தான் தெரியும். 70 மீட்டர் சர்ரென்று இறங்கி அதே வேகத்தில் 70 மீட்டர் ஏறுவதாக ஃபைல் காட்டியது. சராசரிச் சரிவு 58% வருகிறது. அதைப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். "கயிறு எடுத்துட்டு வரணுமா?" என்று குழுவில் ஒருவர் கேட்டபோதுதான் உறைத்தது. அன்றிலிருந்து எந்த ஃபைலையும் அனுப்பும் முன் உயரக் கோட்டில் 20%-க்கு மேல் நிற்கும் ஊசிகளை ஒவ்வொன்றாக மேப்பில் போய்ப் பார்ப்பேன். பாதிக்கு மேல் பாலமாகவோ சுரங்கமாகவோதான் இருக்கும். திருத்துவது எளிது. பாலத்தின் இந்தக் கரை 318, அந்தக் கரை 322 என்றால், நடுவில் உள்ள புள்ளிகளுக்கு அந்த 4 மீட்டரைச் சமமாகப் பகிர்ந்து கொடுத்துவிட வேண்டும். கிராஃப்ஹாப்பர் போன்ற சில ரூட்டிங் மென்பொருட்கள் மேப்பில் பாலம், சுரங்கம் என்று குறித்திருந்தால் தாமாகவே இப்படிச் செய்துகொள்ளும். மேப்பில் குறிக்கவில்லை என்றால் அதுவும் கிடையாது.

மூன்றாவது இடம்தான் கள்ளத்தனமானது, ஊசி மாதிரி நிற்காது. 30 டிகிரி சாய்ந்த மலைப்பக்கத்தில் குறுக்காக வெட்டிய ரோட்டில் நீங்கள் போவது தட்டையாக. ஆனால் நீங்கள் வரைந்த கோடு உண்மையான ரோட்டிலிருந்து 10 மீட்டர் விலகினால் உயரம் கிட்டத்தட்ட 6 மீட்டர் மாறிவிடும். கை நடுக்கத்தில் கோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலையும்; ஒவ்வொரு அலையும் ஒரு பொய் ஏற்றம். கொண்டை ஊசி வளைவுகளில் கோட்டை அவசரமாக வெட்டி வரைந்திருந்தால் இன்னும் மோசம். அதனால் மலைப்பகுதியில் கையால் கோடு இழுக்காமல், ரோட்டைத் தானாகப் பிடித்துக்கொண்டு போகும் வசதியோடு வரையுங்கள்.

இப்போது உங்கள் 780-க்கும் 1,130-க்கும் வருகிறேன். இரண்டு தளமும் பொய் சொல்லவில்லை, கூட்டும் விதம்தான் வேறு. ஏரிக்கரை ரோடு ஒன்று, 10 கி.மீ., சுத்தமாகத் தட்டை. 20 மீட்டருக்கு ஒரு புள்ளி என்றால் 500 புள்ளிகள். மாதிரியின் சிறு பிழையால் ஒன்றுவிட்டு ஒரு புள்ளி 1 மீட்டர் மேலே எகிறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறும் ஒவ்வொரு மீட்டரையும் கூட்டினால் தட்டை ரோட்டில் 250 மீட்டர் ஏற்றம் வந்துவிடும்! இதைத் தவிர்க்கத் தளங்கள் இரண்டு வேலை செய்கின்றன. அக்கம்பக்கப் புள்ளிகளோடு சராசரி எடுத்து கோட்டை மழுப்புகின்றன. குறைந்தது இத்தனை மீட்டர் ஏறினால்தான் கணக்கில் சேர்ப்பேன் என்று ஒரு வரம்பு வைக்கின்றன. வரம்பு 2 மீட்டரா 5 மீட்டரா 10 மீட்டரா என்பது அந்தத் தளத்தின் இஷ்டம். வரம்பைக் கூட்டினால் பொய் ஏற்றம் போகும். கூடவே நிஜமான சின்னச் சின்ன மேடுகளும் போய்விடும். ஆகவே "மொத்த ஏற்றம்" என்று ஒரே உண்மையான எண் எங்கோ எழுதி வைத்திருப்பதாக நினைக்காதீர்கள். எவ்வளவு நுணுக்கமாக அளக்கிறீர்களோ அந்த அளவுக்கு அது வளரும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். ஒரே ஒரு தளத்தைப் பிடித்துக்கொண்டு, ஏற்கெனவே ஓட்டி உடம்புக்குத் தெரிந்த மூன்று நான்கு ரூட்களை அதில் போட்டுப் பாருங்கள். உங்களைக் களைப்பாக்கிய ரூட்டுக்கு அது 900 என்றால், புதியதற்கு 780 என்று அதே தளம் சொல்வதற்கு அர்த்தம் உண்டு. ஒரு தளத்தின் 900-ஐயும் இன்னொரு தளத்தின் 780-ஐயும் ஒப்பிடுவது வேறு வேறு தராசில் நிறுத்ததை ஒப்பிடுகிற மாதிரி. சரிவையும் புள்ளிக்குப் புள்ளி பார்க்காமல் 100 மீட்டர், முடிந்தால் 200 மீட்டர் தூரத்துக்குச் சராசரியாகப் பாருங்கள். "அதிகபட்சச் சரிவு 31%" என்று தளம் காட்டும் எண்ணை நான் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஒரு நீண்ட ஏற்றம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அடிவாரத்துக்கும் உச்சிக்கும் எத்தனை மீட்டர் வித்தியாசம் என்பவற்றில் 30 மீட்டர் மாதிரியை தைரியமாக நம்பலாம். 6 கி.மீ. தூரத்தில் 340 மீட்டர் ஏற்றம் என்று அது சொன்னால், பத்துப் பன்னிரண்டு மீட்டர் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான்.

செய்முறையில் ஒரு வரிசை இருக்கிறது, பலரும் அதைத்தான் மாற்றிச் செய்கிறார்கள். ஃபைல் சிறிதாக இருக்கட்டும் என்று பல தளங்கள் நேர்கோட்டில் உள்ள புள்ளிகளை உதிர்த்துவிடும். நேரான ரோட்டில் 400 மீட்டருக்கு இரண்டே புள்ளி இருக்கும். அந்த இரண்டுக்கு மட்டும் உயரம் போட்டால் நடுவில் ஓடை இறங்கி ஏறுவது காணாமல் போகும். ஆகவே முதலில் 20 மீட்டருக்கு ஒரு புள்ளி வருமாறு நிரப்புங்கள், பிறகு உயரம் சேருங்கள், பிறகு லேசாக மழுப்புங்கள். ஜிபிஎஸ் விஷுவலைசர், ஜிபிஎக்ஸ் ஸ்டுடியோ இரண்டும் பிரௌசரிலேயே உயரம் சேர்த்துக் கொடுக்கும். சொந்தமாக உயர மாதிரியை இறக்கி வைத்துச் செய்ய வேண்டுமானால் க்யூஜிஐஎஸ் என்ற மேப் மென்பொருள். கடல்மட்டம் பற்றியும் ஒரு எச்சரிக்கை. சாட்டிலைட் கணக்கு பூமியை வழவழப்பான முட்டையாகப் பாவித்து உயரம் சொல்லும். நிஜக் கடல்மட்டம் அந்த முட்டையோடு ஒட்டாது. இந்தியப் பெருங்கடலில் சுமார் 106 மீட்டர் கீழேயும், நியூ கினி பக்கம் சுமார் 85 மீட்டர் மேலேயும் போகும். முழு ஃபைலும் ஒரே முறையில் இருந்தால் ஏற்றக் கணக்குக்கு இது பாதகமில்லை. இரண்டு இடத்தில் எடுத்த துண்டுகளை ஒட்டும்போது இணைப்பில் திடீரென்று ஒரு மலைமுகடு முளைத்தால், காரணம் பெரும்பாலும் இதுதான்.

யாராவது அதே வழியில் ஓட்டிப் பதிவு செய்த ட்ராக் கிடைத்தால், அவர் கருவியில் காற்றழுத்தமானி இருந்ததா என்று விசாரியுங்கள். இருந்தால் பாலம், சுரங்கம், சரிவு ரோடு மூன்றிலும் அது உயர மாதிரியைத் தோற்கடித்துவிடும், ஏனென்றால் அது போன வழியையே அளந்தது. அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. கடல்மட்டத்துக்கு அருகில் அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் மாறினால் சுமார் 8 மீட்டர் உயரம் மாறியதாக அது நினைத்துக்கொள்ளும். நாள் முழுக்க ஓட்டி, கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும்போது தொடக்கத்தை விட 40 மீட்டர் மேலே காட்டினால், நீங்கள் மேலே போகவில்லை, வானிலை மாறியிருக்கிறது.

தரைக்கு வருவோம். உங்களைச் சென்ற முறை தள்ளிக்கொண்டு நடக்க வைத்தது இதுதான். உயரம் புள்ளியோடு ஒட்டியது. தரை அப்படி இல்லை, அது பாதையோடு ஒட்டியது. உலகம் முழுக்கப் பாதைகளின் தரையைத் திறந்த தரவாகத் தொகுத்து வைத்திருப்பதில் பெரியது 2004-இல் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப், யார் வேண்டுமானாலும் சேர்த்துத் திருத்தக்கூடிய மேப். தரை விவரம் காட்டும் ரூட் தளங்களில் மிகப் பல அதிலிருந்துதான் எடுக்கின்றன. அதில் ஒரு பாதைக்குத் தரை சம்பந்தமாக மூன்று டேக், அதாவது பாதையோடு ஒட்டி வைக்கும் குறிப்பு, இருக்கலாம். சர்ஃபேஸ் என்பது என்ன பொருள் என்று சொல்லும்: தார், கான்கிரீட், இறுக்கிய சரளை, ஜல்லி, மண், மணல் என்று. ட்ராக்டைப் என்பது வண்டிப்பாதை எவ்வளவு கெட்டி என்பதை 1-லிருந்து 5 வரை சொல்லும். 1 கெட்டி, 5 பொதபொத. ஸ்மூத்னெஸ் என்பது சக்கரம் எப்படி உருளும் என்பதை எட்டுப் படிகளில் சொல்லும், முதல் படியில் ஸ்கேட்டிங் போகலாம், எட்டாவது படியில் எந்தச் சக்கர வண்டியும் போகாது. சைக்கிள்காரருக்கு வேண்டியது உண்மையில் மூன்றாவதுதான். துரதிர்ஷ்டம், ஆட்கள் மிகக் குறைவாக நிரப்புவதும் அதைத்தான். அது ஓரளவு ஆளைப் பொறுத்த தீர்ப்பு என்பதால் பலர் கை வைக்கத் தயங்குகிறார்கள்.

உங்கள் 'கிராவல்' கதைக்கு என் யூகம் இது. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் வழிகாட்டியில் கிராவல் என்ற டேக் உடைத்த பெருஜல்லிக்கு, ரயில் தண்டவாளத்துக்கு அடியில் கொட்டுவது போன்ற கல்லுக்கு. சைக்கிள்காரர் 'கிராவல்' என்றதும் நினைப்பது அழுத்தி இறுக்கிய மண்சரளை ரோடு. அதற்கு அங்கே வேறு டேக் இருக்கிறது, காம்பாக்டட். டேக் போடுபவர்களிலும் பலர் இந்த வித்தியாசம் தெரியாமல் இரண்டுக்கும் கிராவல் என்றே போடுகிறார்கள். ஆகவே கிராவல் என்று கண்டால் நான் அதை "ஓட்டவும் செய்யலாம், தள்ளவும் வேண்டி வரலாம்" என்று படித்துக்கொள்வேன். அதே பாதைக்கு ட்ராக்டைப் 2 என்று இருந்தால் மனம் கொஞ்சம் லேசாகும், 4 என்று இருந்தால் வேறு வழி தேடுவேன். வெறுமனே அன்பேவ்டு என்று போட்டிருப்பது தார் இல்லை என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குள் அருமையான செம்மண் ரோடும் அடங்கும், ஆற்றுமணலும் அடங்கும்.

டேக்கே இல்லாத பாதைதான் இன்னும் ஆபத்து. சில தளங்கள் வெற்றிடத்தை வெற்றிடமாகக் காட்டும். சில, ரோட்டின் வகையைப் பார்த்து "இது நெடுஞ்சாலை, தாராகத்தான் இருக்கும்" என்று தாமே நிரப்பிவிட்டு, பார்த்ததையும் ஊகித்ததையும் ஒரே நிறத்தில் காட்டும். பெரிய ரோட்டுக்கு அந்த ஊகம் பெரும்பாலும் சரிதான். காட்டுப்பாதைக்கும் வயல்வெளிப் பாதைக்கும் செல்லாது. நீங்கள் பயன்படுத்தும் தளம் எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள, டேக் இல்லாத ஒரு சின்னப் பாதையை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் கண்டுபிடித்து, அதன் மேல் ரூட் போட்டுப் பாருங்கள். தளம் 'தெரியவில்லை' என்று சொன்னால் அது நாணயமான தளம்.

இனி, இந்தத் தரையை உங்கள் கோட்டோடு இணைப்பது. கோடு எந்தப் பாதையின் மேல் போகிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். மேப் மேட்சிங் என்பார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் அருகிலிருக்கும் பாதை எது என்று மட்டும் பார்த்தால் மெயின் ரோட்டை ஒட்டி ஓடும் சைக்கிள் பாதையில் ஒரு கால், ரோட்டில் ஒரு கால் என்று தாவும். அதனால் நல்ல மென்பொருட்கள் முழுக் கோட்டையும் சேர்த்துப் பார்த்து, எந்தப் பாதை வரிசை இதற்கு அதிகம் பொருந்தும் என்று நிகழ்தகவுக் கணக்குப் போடும். வால்ஹல்லா அப்படிச் செய்து, பாதைத் துண்டு ஒவ்வொன்றின் தரையையும் திருப்பித் தரும். ஆனால் உங்களுக்கு என் யோசனை, இந்தத் தலைவலியே வேண்டாம். ரூட்டை முதலிலிருந்து ஓபன்ரூட்சர்வீஸ் அல்லது பிரௌட்டர் என்ற ரூட் போடும் தளத்தில் போடுங்கள். அவை பாதைத் துண்டுகளைக் கோத்தே ரூட்டை உருவாக்குவதால் எந்தத் துண்டு என்ன தரை என்பது கூடவே வந்துவிடும். ஓபன்ரூட்சர்வீஸ் தரை, பாதை வகை, சரிவு மூன்றையும் கி.மீ. வாரியாகப் பட்டை போட்டுக் காட்டும்.

ஃபைலுக்குள் கொண்டுவருவதில் ஒரு இடக்கு இருக்கிறது. ஜிபிஎக்ஸ் வரையறையில் உயரத்துக்கு இடம் உண்டு, தரைக்கு இடமே கிடையாது. கூடுதல் தகவலுக்கென்று ஒரு மூலை விட்டிருக்கிறார்கள், அதில் எதையும் எழுதலாம், ஆனால் உங்கள் கருவி அதைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். ஆகவே நான் பழைய முறையையே பின்பற்றுகிறேன். தரை மாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு வேபாயிண்ட், அதாவது பெயரோடு குறித்து வைக்கும் தனிப் புள்ளி. பெயர் "மண் 3.2", "ஜல்லி 0.8", "தார் 11" என்று இருக்கும், அதாவது இங்கிருந்து இத்தனை கி.மீ.க்கு இந்தத் தரை. பெயரைச் சுருக்கமாக வையுங்கள், பல கருவிகள் நீளமான பெயரை வெட்டிவிடும். சில கருவிகளில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும். கிளம்பும் முன் ஒன்றை ஏற்றிப் பார்த்துவிட்டு மொழியை முடிவு செய்யுங்கள். 300 மீட்டருக்குக் குறைவான துண்டுகளை நான் குறிப்பதில்லை, மணல் ஒன்றைத் தவிர. 50 மீட்டர் மணலிலும் சைக்கிளோடு விழலாம்.

ஏற்றமும் தரையும் தனித்தனியாக இருக்கும் வரைக்கும் அரை விஷயம்தான் தெரியும். 9% ஏற்றம் தாரில் மூச்சு வாங்கும், உதிர் ஜல்லியில் பின்சக்கரம் சுழன்று நின்றுவிடும். இறக்கத்தில் இன்னும் மோசம், 9% இறக்கத்தில் ஜல்லி வந்தால் நேரம் மிச்சமாவதற்குப் பதில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்க வேண்டும். எனவே பட்டியலில் முதலில் தேடுவது, 6%-க்கு மேல் சரிவும் கெட்டியில்லாத தரையும் சேர்ந்து வரும் இடங்களை. 62 கி.மீ. ரூட்டில் அப்படி நாலைந்து துண்டுதான் தேறும், ஆனால் அந்த நாள் எப்படிப் போகும் என்பது அவற்றின் கையில். நடப்பவர்களுக்கு நேரம் கணக்கிட 1892-இல் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன விதி இன்றும் உதவும்: 5 கி.மீ.க்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூட ஒரு மணி. புவியியலாளர் டோப்ளர் 1993-இல் கொடுத்த நடைவேகச் சூத்திரம் சரிவோடு தரையையும் தொட்டுப் பார்க்கிறது. பாதை இல்லாத இடத்தில் வேகத்தை 0.6-ஆல் பெருக்கச் சொல்கிறது. சைக்கிளுக்கு இப்படி நம்பகமான ஒரே சூத்திரம் ஒன்றை நான் பயன்படுத்துவதில்லை, டயர் அகலம் ஒன்றே கணக்கைக் கவிழ்த்துவிடும்.

டேக் இல்லாத துண்டுகளுக்குச் சாட்டிலைட் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே சீரான சாம்பல் நிறம் தாராக இருக்கலாம். நடுவில் பச்சைக் கோடும் இரண்டு பக்கம் சக்கரத் தடமும் தெரிந்தால் வண்டிப்பாதை. ஒரே ரோடு பல இழைகளாகப் பிரிந்து பிரிந்து சேர்ந்தால், மழையில் சேறாகி வண்டிகள் ஒதுங்கிப் போன இடம். எனக்கு இந்த அடையாளம் பலமுறை கைகொடுத்திருக்கிறது. மரநிழலுக்குக் கீழே ஒன்றும் தெரியாது, கல்லின் அளவு எந்தப் படத்திலும் தெரியாது. பருவம் என்பது டேக்கிலும் இல்லை, படத்திலும் இல்லை. கோடையில் கான்கிரீட் மாதிரி இருக்கும் களிமண் பாதை, ஒரு மழைக்குப் பிறகு டயரில் அப்பி ஃபோர்க்கை அடைத்துவிடும்.

உங்கள் ரூட்டில் 11 கி.மீ.க்குத் தரை 'தெரியவில்லை' என்று வருவதாக எழுதியிருந்தீர்கள். அந்த 11-ஐ நான் மோசமான மண் என்றே கணக்கில் வைப்பேன், அந்தத் துண்டு தொடங்கும் இடத்தில் ரோட்டுக்குத் திரும்பும் மாற்று வழி ஒன்றையும் தனி ட்ராக்காக அதே ஃபைலில் போட்டுவிடுவேன். போய்வந்த பிறகு அந்த டேக்கை நீங்களே நிரப்பலாம். ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற ஆப் அந்த இடத்தில் நிற்கும்போது தரை என்ன என்று கேட்டுப் பதிலை நேராக மேப்பில் சேர்த்துவிடும், இரண்டு தட்டு வேலைதான்.

கடைசியாக, கருவி ஏன் ஃபைலில் இல்லாத வழியில் திருப்பியது என்று ஓரமாகக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் அதை 'ரூட்' ஆக சேமித்திருப்பீர்கள், 'ட்ராக்' ஆக இல்லை. ரூட் என்றால் பல கருவிகள் நீங்கள் கொடுத்த சில புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு நடுவழியைத் தம்முடைய மேப்பில் தாமே புதிதாகக் கணக்கிடும். அப்போது நீங்கள் சேர்த்த உயரமும் போய்விடும், தரைக்காக வைத்த வேபாயிண்ட்களும் வேறு ரோட்டோரம் நிற்கும். ட்ராக் ஆக ஏற்றுமதி செய்யுங்கள். கருவியில் 'மறுகணக்கீடு' என்பதை அணைத்துவிட்டு, வீட்டிலேயே ஒருமுறை திறந்து, முதல் ஏற்றமும் முதல் வேபாயிண்டும் சரியான கி.மீ.யில் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.